வளைவில் நான் போட்ட சத்தம்

மகனுக்கு,

எங்கள் ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள் சங்கத்தில் இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். முப்பத்தொரு வருஷம் விபத்தே இல்லாமல் அரசாங்க ஜீப் ஓட்டியவன் என்பதால், பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது எப்படி என்று என்னை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எழுத முடியவில்லை. இதை எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் படிக்கிற மலரில் ஏன் போட வேண்டும் என்று நீ கேட்பாய். உன்னைப் பற்றி நான் சொன்னதை ஊர் முழுக்கச் சொன்னேன், ஒருத்தர் விடாமல் சொன்னேன். அதைத் திருத்துவதை மட்டும் கவரில் போட்டு ஒட்டி உனக்குத் தனியாக அனுப்பினால் அது நியாயமாகாது. உனக்கு அடுத்த மாதம் புனேயில் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, அவ்வளவுதான் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். "அப்பா வந்தா வரட்டும்" என்றும் சொன்னாயாம். வருவதற்கு முன்னால் நான் சொல்லி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் எப்படிப்பட்ட டிரைவர் என்று உனக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. தீபத்தன்று கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், முதல் கியரிலேயே ஊர்ந்து, ஒருத்தர் முழங்கையில்கூட இடிக்காமல் அதிகாரியைக் கொண்டுபோய் இறக்குவேன். ஜவ்வாது மலை ஏறும்போது பின்சீட்டில் உட்கார்ந்து கோணாமல் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் உண்டு. அந்தப் பெயர் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிசு. வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருவேன், அந்தப் பெயரைக் கழற்றியதில்லை. வேங்கிக்கால் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள், யார் இடித்தாலும் தப்பு யார் மேல் என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. உன் வாழ்க்கையில் நடந்த கெடுதலுக்கு என் தொண்டையும் காரணம், அந்தப் பெயரும் காரணம்.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் நான்தான் வண்டி பழக்கினேன். கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்டிருந்த காலி இடத்தில், நம் பழைய வேனில். பழக்கினேன் என்று சொல்வது கௌரவமான வார்த்தை. நான் கத்தினேன், நீ ஓட்டினாய். நீ கொஞ்சம் வேகம் எடுத்தால், "கால எடுறா!" என்று கத்தி, உன் இடது தொடையில் ஓங்கி ஓர் அறை வைப்பேன். இரண்டு வாரம் வரைக்கும் அறை தேவைப்பட்டது. அப்புறம் சத்தமே போதும். நான் வாயைத் திறந்ததும் உன் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டுத் தானாக மேலே வரும், நீ யோசிப்பதற்கு முன்னாலேயே. எனக்கு அதில் அத்தனை பெருமை. ஒரு நாள் என்னோடு வேலை செய்த டிரைவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வேண்டுமென்றே சும்மா கத்திக் காட்டினேன். உன் கால் சட்டென்று மேலே வந்தது, வண்டி குலுங்கியது. "பாத்தியா, இவனுக்கு பிரேக்கே வேணாம், என் வாய் போதும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது சிவந்திருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அப்போது அது வெயில் என்று நினைத்தேன்.

நீ இன்ஜினியரிங் முடித்தாய். சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில், புதிதாகச் செய்கிற கார்களை மைதானத்தில் ஓட்டிச் சோதிக்கிற வேலை கிடைத்தது. டிரைவர் மகன் டிரைவர்தானே என்று நான் சொன்னேன். எத்தனை பேர் எழுதிய பரீட்சையில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று நீ சொல்ல வந்தாய், நான் கேட்கவில்லை. லீவு நாட்களில் பந்தயத்தில் ஓட்டினாய். முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாய். உறவுக்காரர்கள் நான்கு பேர் வீட்டில் இருந்தார்கள். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குடா, வெத்தல போட்டு வெக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ வேறு எந்தக் கோப்பையையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஜெயிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். ஐந்து ஜெயித்தாய் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு வந்தாய். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக இருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீயும் உன் நண்பனும் இரண்டு வருஷம் கையால் பிரித்துச் சேர்த்தது. இந்தக் காலத்து வண்டிகளில் சறுக்கினால் தானாகவே பிடித்து நிறுத்துகிற கருவியெல்லாம் வைக்கிறார்களே, அது எதுவும் அதில் கிடையாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை விஷயமாகப் போக வேண்டியிருந்தது. உனக்கும் கயல்விழிக்கும் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. "வாங்கப்பா, இதுலயே போலாம்" என்றாய். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நீ எத்தனை நாளாக ஆசைப்பட்டிருப்பாய் என்று இன்றைக்குப் புரிகிறது.

ஊரைத் தாண்டியதும் நீ பேச ஆரம்பித்தாய். நீ அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "அப்பா, இது ஜீப்பு மாதிரி இல்ல. எடை ரொம்ப கம்மி. பின் சக்கரம்தான் தள்ளுது. வளைவுக்கு முன்னாடியே, நேர் ரோட்டுலயே பிரேக்க முடிச்சிடணும். உள்ள பூந்தப்புறம் ஆக்சிலேட்டர்ல கால் ஒரே அளவா இருக்கணும். ஜாஸ்தி அழுத்தவும் கூடாது, சட்டுனு எடுக்கவும் கூடாது. ஸ்டியரிங்க நேராக்க நேராக்கத்தான் கொஞ்சங் கொஞ்சமா அழுத்தணும்."

"எடுத்தா என்னாவும்?" என்று கேட்டேன்.

"கால எடுத்தா வண்டியோட எடையெல்லாம் முன்னாடி சாஞ்சிடும்ப்பா. பின் சக்கரத்துக்குப் பிடிப்பு போயிடும். வால் முன்னாடி வந்துடும். தட்டாமால சுத்திடும்."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ? கால எடுத்தா வண்டி நிக்கும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் நின்னுச்சி."

நீ சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். முதல் இரண்டு வளைவிலும் நீ சொன்ன மாதிரியே ஓட்டினாய். தோள் கதவோடு அழுந்தியது, ஆனால் வண்டி கோடு கிழித்த மாதிரி போனது. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்பதுதான் பிடிக்கவில்லை. மூன்றாவது, ஏரிக்கரை வளைவு. இடது பக்கம் திரும்புகிற வளைவு. என் பக்கம் ஏரிச் சரிவு. உட்கார்ந்த இடம் தரையோடு இருந்ததால் எனக்கு ரோட்டின் ஓரமே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. நீ பாதி வளைவில் இருந்தாய். நான் "கால எடுறா!" என்று கத்தி உன் தொடையில் அறைந்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் நான்கு வருஷமாக எல்லோருக்கும் ஒரு விதமாகச் சொன்னேன். நடந்ததோ இப்படி. நான் கத்தினேன். இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. அதற்கு அப்புறம்தான் பின்பக்கம் வீசியது. முப்பத்தொரு வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவன் நான், எது முன்னால் எது பின்னால் என்று என் காதுக்குத் தெரியும். நீ அந்த நொடியிலும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாய், பிடிக்க முடியவில்லை. வண்டி ஒரு சுற்று சுற்றி, ரோட்டைக் குறுக்கே கடந்து, வலது பக்கத்துப் புளியமரத்தில் உன் கதவு மோதி நின்றது. எதிரே யாரும் வரவில்லை. எனக்கு நெற்றியில் ஒரு சின்னக் கீறல். உன் வலது முழங்கை மூன்றாக உடைந்திருந்தது. நீ முதலில் கேட்டது, "உங்களுக்கு ஒண்ணுமில்லயேப்பா?" நான் முதலில் சொன்னது, "எத்தன தடவடா சொல்றது உனக்கு?"

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த ஏட்டிடம் நீ படுத்துக்கொண்டே சொன்னாய். "என் தப்புதான் சார். வளைவுல கால எடுத்துட்டேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். வலியில் ஏதோ உளறுகிறாய் என்று நினைத்தேன். வராந்தாவுக்கு வந்து என் பங்குக்கு நான் சொன்னேன். "கால எடுறா கால எடுறான்னு கத்தறேன் சார், கேக்கல." அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு மட்டும் இருபது பேரிடம் சொல்லியிருப்பேன். அம்மாவிடம், மாமாவிடம், எதிர்வீட்டில், டீக்கடையில். கேக்கல, கேக்கல என்று. நான் யார்? விபத்தே செய்யாத டிரைவர். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மூன்றாம் நாள் கயல்விழியின் அப்பா வந்தார். ஆரணிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், நிதானமான மனுஷன். உன்னைப் பார்த்துவிட்டு வந்து என்னை வெளியே மர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க அனுபவப்பட்டவரு. பெத்த புள்ளையினு பாக்காம சொல்லுங்க. எம் பொண்ண அந்தப் பையன் பக்கத்துல உக்கார வெச்சு அனுப்பலாமா?" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். மழைத் தூறல், மண் சறுக்கிவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பெத்த புள்ளையினு பாக்காம என்று அவர் சொன்னது எனக்குள் என்னவோ செய்தது. நேர்மையானவன் என்று காட்டிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. "என்னத்தச் சொல்றது வாத்தியாரே, சொன்னா கேக்கற புள்ளயா அவன்?" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார். ஒரு வாரத்தில் தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகும் உனக்கு இரண்டு மாதம் போன் செய்துகொண்டிருந்தாள் என்று உன் நண்பன்தான் எனக்குச் சொன்னான். உன்னை விட்டுவிடச் சொல்லி நீயே அவளிடம் சொன்னாயாமே.

முழங்கைக்குள் தகடு வைத்தார்கள். கை முழுசாக நீளவில்லை. வேகமாக ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாதவனுக்குச் சோதனை மைதானத்தில் என்ன வேலை? புனேயில் மேஜை வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓட்டிவிட்டு வந்து சொல்வதை நீ கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பச்சைக் காரை உன் நண்பன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அம்மா ஒவ்வொரு போனிலும், "அப்பாவக் கொல்லப் பாத்தியேடா" என்று ஆரம்பிப்பாள். நீ "சரிம்மா" என்பாய். தீபாவளிக்கு வருவதை நிறுத்தினாய். எங்கள் இரண்டு பேரையும் விட்டு மெல்ல விலகினாய். நான் அதற்கும் ஒரு பெயர் வைத்தேன், திமிர் என்று.

போன வருஷம், ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ரமணாசிரமம் பக்கம் தங்க வருகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். வெளிநாட்டு ஆட்களை ஏற்றுவதால் டிரைவர்கள் எல்லோரும் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். எனக்கா பயிற்சி என்று சிரித்துக்கொண்டுதான் போனேன். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய சிமெண்டு மைதானம், முழுக்கத் தண்ணீர் விட்டு வழவழவென்று வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தது ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், வாலாஜாப் பக்கம். பின் சக்கரம் தள்ளுகிற பழைய கார் ஒன்றில் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். வட்டமாக ஓட்டச் சொன்னாள். "நல்லா ஓட்றீங்க சார், கால் அப்படியே இருக்கட்டும், அவ்ளோதான்" என்றாள். இரண்டு சுற்று வந்தேன். மூன்றாவது சுற்றில் வளைவின் நடுவே, என் காதுக்குள்ளேயே, "கால எடுங்க!" என்று கத்தினாள்.

எடுத்துவிட்டேன். மைதானம் முழுக்க என்னைச் சுற்றியது. தண்ணீர், கம்பி வேலி, மற்ற டிரைவர்கள், மறுபடியும் தண்ணீர். வண்டி வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவள் சிரிக்கவில்லை. "இத எல்லாருக்கும் செஞ்சு காட்டுவோம் சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்க கத்துனா டிரைவரோட கால் தானா மேல வந்துடும். நீங்க ஒழுங்காத்தான் ஓட்டினீங்க. வண்டிய சுத்த விட்டது நான். அதான் சொல்றேன், வளைவுல பக்கத்து சீட்ல இருக்கறவங்க வாயத் தெறக்கவே கூடாது."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "பயந்துட்டீங்களா சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வளைவுல கால எடுத்துட்டேன் என்று நீ ஏட்டிடம் சொன்னாயே, அது உளறல் இல்லை. அது முழு வாக்குமூலம். அதில் என் பெயரை மட்டும் விட்டுவிட்டாய். நான் மூன்று வருஷத்துக்கு மேலாக நீ கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டதால்தான் மரத்தில் மோதினாய்.

இது தெரிந்த அன்றைக்கே உனக்குப் போன் செய்திருந்தால் நான் கொஞ்சம் மனுஷனாக இருந்திருப்பேன். எட்டு மாதம் சும்மா இருந்தேன். அதுவரை சொன்னது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம், அந்த எட்டு மாதம் பொய். அம்மா போனில் உன்னைத் திட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். உன் கல்யாணச் செய்தி வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நாலு வருஷமா எம் புள்ளைய நான் வாய்க்கு வந்தபடி வைய்யறேன். நீங்க கேட்டுக்குனு இருந்தீங்க" என்றாள். பையில் நான்கு புடவை எடுத்து வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாள். இருபத்தைந்து நாளாகிறது. புனேக்கு அவள் அண்ணனோடு டிக்கெட் எடுத்துக்கொண்டாளாம். எனக்குத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் விட்டாள்.

பொய்யைச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று கிளம்பினேன். வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். "இப்ப எதுக்கு சார் இது? அவ ரெண்டாவதா உண்டாயிருக்கா. நல்லா இருக்கா. இத அவ காதுல போட்டுடாதீங்க, புண்ணியமாப் போவும். உக்காருங்க, டீ சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன். உன் மாமாவிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "விடுங்க மாப்ள, கல்யாண நேரம், புள்ள மேல பாசத்துல பேசறீங்க. அவன் வேகமாப் போனது ஊருக்கே தெரியும்" என்றார். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். டீக்கடையில், "பெரியவரு புள்ளைக்காகப் பழிய ஏத்துக்கறாரு பாரு" என்று என்னை மெச்சினார்கள். புரிகிறதா? நான் பொய் சொன்னபோது நேர்மையானவன் என்றார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல அப்பன் என்கிறார்கள். இரண்டு பக்கமும் பெயர் எனக்கு, பழி உனக்கு. நான் சொன்ன பொய் என்னைவிடப் பலசாலியாகிவிட்டது. அதனால்தான் அச்சில் வரட்டும் என்று எழுதுகிறேன்.

உன் மேல் தப்பே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். அது பந்தய மைதானம் இல்லை, ஆடு மாடு போகிற ரோடு. அந்த வளைவில் அந்த வேகம் உன் காருக்குச் சரியாக இருக்கலாம், ஊருக்குச் சரியில்லை. எதிரே ஒரு டிவிஎஸ்ஸில் யாராவது புருஷன் பெண்டாட்டி வந்திருந்தால் நான் உனக்கு இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மலரில் இதைப் படிக்கிற டிரைவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வேகத்தை வளைவுக்கு முன்னால் குறை. உள்ளே நுழைந்த பிறகு அதிகம் என்று தெரிந்தாலும் பாதத்தைப் பிடுங்காதே, மெல்லத் தளர்த்து. வால் போனால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு, மரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய ரோட்டைப் பார். இதெல்லாம் என் மகன் எனக்குச் சொன்னது. சொல்லி ஐந்து நிமிஷத்தில் நான் அதை அவன் காலிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

இனி எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்தையும் எழுதிவிடுகிறேன். கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், ஆனாலும் இருக்கிறது. உனக்கு எல்லாம் தெரியும். எந்த நொடியில் என்ன நடந்தது என்று மற்ற யாரையும்விட உனக்குத் தெரியும், அதுதான் உன் வேலையே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நீங்க கத்தினீங்கப்பா, அதான்." இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. நான் மறுத்திருப்பேன், சத்தம் போட்டிருப்பேன், ஆனால் எனக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்லவில்லை. கயல்விழியை விட்டாய், வேலையை விட்டாய், அம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டாய், வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று யாராவது உன்னைப் பாராட்டினால் நம்பாதே. இவனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நீ எப்போதோ முடிவு செய்துவிட்டாய். அந்தக் கோப்பையை நான் கையில் வாங்கிய நாளிலேயே முடிவு செய்திருப்பாய். என்னைத் திருத்த முடியாதவன் என்று ஒதுக்கிவிட்டாய். நீ எனக்குக் கொடுத்த தண்டனை அதுதான், நீ அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை என்றாலும்கூட.

நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது சைக்கிள் ஓட்டும்போது, மாடிப்படி இறங்கும்போது, உன் தொண்டை வரைக்கும் ஒரு சத்தம் வரும். என் ரத்தம், வராமல் இருக்காது. விழுங்கிவிடு. உன் சத்தத்துக்குப் பழகிய பிள்ளை, நீ தப்பாகச் சொல்லும்போதும் கேட்கும். என் மகன் சொன்னால் கேட்பவன், மற்ற யாரையும்விட அதிகமாகக் கேட்டவன், அதைத்தான் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் புனேக்கு வருகிறேன். பெண்ணின் அப்பா உன் கை ஏன் மடங்கியே இருக்கிறது என்று ஏற்கெனவே கேட்டிருப்பார், சின்ன விபத்து என்று நீ சொல்லி முடித்திருப்பாய். என்னிடமும் கேட்டால், நான் சொல்லப்போவது இதுதான், நீ தடுக்காதே. என் காலில் விழாதே, நமஸ்காரம் செய்யும்போது ஒதுங்கி நிற்பேன். மன்னித்துவிட்டேன் என்று பதில் எழுதவும் வேண்டாம், அது உனக்குச் சுலபம், எனக்கு உதவாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அதை உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அந்த ஏரிக்கரையில் நான் கத்தியபோது, உன் கால் உன்னைக் கேட்காமல் மேலே வந்ததா? இல்லை, வண்டி சுற்றப்போகிறது என்று தெரிந்தே, அப்பா சொல்கிறாரே என்று எடுத்தாயா?

உன் அப்பா